கோப்பைக்குப் பெயர் வைத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா?



கொஞ்சம் நீளமான பதிவு. "சார் மறுபடியும் வகுப்பு எடுக்க ஆரம்பிச்சிட்டார்" என்று சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் இந்த முறை கடைசியில் நான் ஒருவனிடம் மன்னிப்பு கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

ஜப்பானில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஷிசுவோகா நகரத்தில் குசானகி என்றொரு பேஸ்பால் மைதானம். அங்கே இரண்டு சிலைகள். ஒன்று அமெரிக்காவின் பேப் ரூத். பேஸ்பால் தெரியாதவர்களும் கேள்விப்பட்டிருக்கும் பெயர். இன்னொன்று ஒல்லியான ஓர் இளைஞன், பந்து எறிகிற நிலையில். "சார், இவர் பேர் எய்ஜி சவமுரா. நாட்டுக்காக உயிரைத் தியாகம் செய்த வீரராம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார்.

தெரியும். ஓய்வு பெற்ற பிறகு நிறையப் படிக்க நேரம் கிடைக்கிறது, இவரைப் பற்றியும் படித்திருக்கிறேன். ஆனால் அந்தத் "தியாகம்" என்ற சொல் எனக்கு உறுத்தியது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. பேஸ்பாலில் பந்து எறிபவரை பிட்சர் என்பார்கள். கிரிக்கெட்டில் பவுலர் மாதிரி, ஆனால் ஓடி வருவதில்லை. ஒரு சிறு மேட்டில் நின்று, சுமார் 18 மீட்டர் தள்ளி நிற்கும் மட்டையாளரை நோக்கி முழுத் தோள் பலத்தோடு எறிய வேண்டும். பந்து தரையில் பட்டு எழும்பாது, நேராகப் போகும். பவுலருக்கு ஓவர் முடிந்தால் ஓய்வு உண்டு. அந்தக் காலத்துப் பிட்சர் ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிந்து முடிப்பார். முழு பாரமும் ஒரு தோளில்.

சவமுரா 1917 பிப்ரவரி 1 அன்று இன்றைய இசே நகரத்தில் பிறந்தவர். கியோத்தோவில் ஒரு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். 1934இல் யோமியூரி என்ற பத்திரிகை நிறுவனம் அமெரிக்க நட்சத்திர அணியை ஜப்பானுக்கு அழைத்து வந்தது. பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெரிங்கர் எல்லோரும் அந்த அணியில். அவர்களை எதிர்த்து ஆட ஜப்பானில் ஆள் வேண்டும். ஆனால் மாணவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு ஆடக்கூடாது என்று அங்கே கல்வி அமைச்சகத்தின் விதி இருந்தது. எனவே 17 வயதுப் பையன் பள்ளிப் படிப்பை விட்டுவிட்டு அணியில் சேர்ந்தார்.

இதைப் படித்தபோது எனக்குள் இருக்கும் வாத்தியார் உடனே எழுந்து உட்கார்ந்துகொண்டார். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

1934 நவம்பர் 20, குசானகி மைதானம். அன்று அந்தப் பையன் கெரிங்கர், ரூத், கெரிக், ஃபாக்ஸ் நால்வரையும் வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மட்டையில் பந்து சரியாகப் படவிடாமலே வெளியேற்றுவதற்குத்தான் ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர். அந்தக் காலத்துப் பேஸ்பாலில் உலகிலேயே பெரிய மட்டையாளர்கள் என்று விரல்விட்டு எண்ணினால் இந்த நால்வரும் அதில் வருவார்கள். ஏழாவது இன்னிங்ஸில் கெரிக் ஒரு ஹோம் ரன் அடித்தார். அந்த ஒரே ரன்னில் ஜப்பான் 1–0 என்று தோற்றது. தோற்ற ஆட்டத்துக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்றால் அது எப்படிப்பட்ட ஆட்டமாக இருந்திருக்கும், பாருங்கள். அமெரிக்க அணியை நடத்தி வந்த கானி மேக் என்ற மூத்த மேலாளர் பையனைத் தன் நாட்டுக்கு அழைத்துப் போகவே விரும்பினார். அதே சுற்றுப்பயணத்தின் மற்ற ஆட்டங்களில் சவமுராவின் பந்தை அமெரிக்கர்கள் நன்றாக அடித்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் தெய்வப் பிறவி இல்லை, அபாரத் திறமை கொண்ட ஒரு பையன்.

அந்தச் சுற்றுப்பயணத்துக்காகச் சேர்த்த அணிதான் பிறகு டோக்கியோ ஜெயன்ட்ஸ் ஆனது. 1936இல் தொழில்முறை லீக் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் லீக்கின் முதல் நோ ஹிட்டரை எறிந்தவர் சவமுரா. எதிரணி ஒன்பது இன்னிங்ஸிலும் ஒரு சரியான அடிகூட அடிக்காமல் போனால் அது நோ ஹிட்டர். அடுத்த ஆண்டு மே மாதம் இரண்டாவது. 1937 வசந்தகாலப் பருவத்தில் அவர் கணக்கு 24 வெற்றி, 4 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 0.81 ரன். அந்தப் பருவத்தில் அணி வென்றதே 41 ஆட்டம். அதில் 24 இவர் ஒருவருடைய கையால். கணக்கு வாத்தியாராகச் சொல்கிறேன், பாதிக்கு மேல்.

1937 ஜூலையில் சீனாவோடு போர் மூண்டது. 1938 தொடக்கத்தில் சவமுராவுக்கு ராணுவ அழைப்பு வந்தது. வயது 20.

ராணுவத்தில் இவரை என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? எறிகுண்டு வீசச் சொன்னார்கள். மற்றவர்களைவிட வெகுதூரம் எறிகிறார் அல்லவா, அதனால் மறுபடியும் மறுபடியும் எறிய வைத்தார்கள். பேஸ்பால் பந்து சுமார் 145 கிராம். ஜப்பானியக் காலாட்படையின் எறிகுண்டு சுமார் 450 கிராம். மூன்று மடங்கு எடை. பந்துக்காகப் பழகிய தோள் அதை எத்தனை முறை தாங்கும்? சண்டையில் இடது கையில் குண்டுக் காயம் பட்டது. மலேரியாவும் வந்தது.

1940இல் திரும்பி வந்து மறுபடியும் மேட்டில் ஏறினார். பழைய மாதிரி கையை உயர்த்தி எறிய முடியவில்லை. கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து எறியக் கற்றுக்கொண்டார். வேகம் போய்விட்டது, புத்தியை வைத்து எறிந்தார். அப்படியும் அந்த ஜூலையில் மூன்றாவது நோ ஹிட்டர்! எனக்கு இவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பதினேழு வயதில் ரூத்தை வெளியேற்றியது கொடுப்பினை என்றுகூடச் சொல்லிவிடலாம். கெட்டுப்போன தோளோடு, புதிதாக ஒரு முறையை அடியிலிருந்து கற்று ஜெயிப்பது முழுக்க உழைப்பு.

1941 கடைசியில் இரண்டாவது அழைப்பு. போய்விட்டு 1943இல் திரும்பினார். இந்த முறை எதுவும் மிச்சமில்லை. அந்த ஆண்டு 0 வெற்றி, 3 தோல்வி. 1944இல் ஜெயன்ட்ஸ் அணி அவரை விடுவித்துவிட்டது. அவர் தோள்மேல் ஏறி நின்று வளர்ந்த அணி. அவருக்கு மனைவியும் ஒரு குழந்தையும் இருந்தார்கள்.

1944 அக்டோபரில் மூன்றாவது அழைப்பு. பிலிப்பைன்ஸ் நோக்கிப் போன படைக் கப்பலை டிசம்பர் 2 அன்று யாகுஷிமா தீவுக்கு அருகே ஓர் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. சவமுரா அதில் போய்விட்டார். வயது 27. குசானகி ஆட்டம் நடந்து பத்து ஆண்டும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தது. மொத்தக் கணக்கு 63 வெற்றி, 22 தோல்வி. அவ்வளவுதான்.

போர் முடிந்து 1947இல் அவர் பெயரில் ஒரு விருது ஏற்படுத்தினார்கள். ஜப்பானில் ஆண்டின் சிறந்த பிட்சருக்கு இன்றும் சவமுரா விருதுதான். அவர் அணிந்த 14ஆம் எண்ணை ஜெயன்ட்ஸ் அணியில் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. 1959இல் புகழ் மன்றத்திலும் சேர்த்தார்கள்.

இனி என் கருத்து.

முதலில் அந்த வாத்தியார் விஷயம். அந்நாளில் ஜப்பானில் கல்லூரி மாணவர்களுக்குப் படிப்பு முடியும்வரை ராணுவ அழைப்பைத் தள்ளிவைக்கும் சலுகை இருந்தது. படிப்பை விட்ட சவமுராவுக்கு அது கிடைக்கவில்லை. "பார்த்தீர்களா, படிப்பை விட்டான், உயிரே போயிற்று" என்று சொல்ல என் நாக்கு துடித்தது. முப்பது வருடம் இதைத்தானே உங்களுக்குச் சொன்னேன்! ஆனால் மேலே படித்தபோது அந்தப் பாடம் நிற்கவில்லை. 1943இல் அரசு அந்தச் சலுகையையே பெரும்பாலான மாணவர்களுக்கு எடுத்துவிட்டது. அக்டோபர் மாதம் டோக்கியோ மைதானத்தில் கொட்டுகிற மழையில் ஆயிரக்கணக்கான மாணவர்களைத் துப்பாக்கியோடு அணிவகுக்க வைத்து வழியனுப்பினார்கள். நகோயா அணியின் பிட்சர் ஷினிச்சி இஷிமாரு அந்த ஆண்டு 20 ஆட்டம் வென்றவர், ஒரு நோ ஹிட்டரும் எறிந்தவர். அவர் கல்லூரியில் பெயர் பதிந்திருந்தவர்தான். 1945 மே மாதம் தற்கொலைப்படை விமானத்தில் போய் 22 வயதில் இறந்தார். படித்தவனையும் விடவில்லை, படிக்காதவனையும் விடவில்லை. எனவே தவறு பையனுடையது என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் தவறு போருடையதா? பெரும்பகுதி ஆமாம். ஆனால் போர் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் அதற்குள் இருக்கும் மனிதர்கள் மறைந்துவிடுகிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு வாழ்க்கையை வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் பாப் ஃபெல்லர் என்று ஒரு பிட்சர். சவமுராவைவிட ஒரு வயது சின்னவர். அவரும் 17 வயதில் பெரிய ஆட்டத்துக்கு வந்தவர். 1936 ஆகஸ்டில் முதன்முதலாக ஆட்டத்தைத் தொடங்கி வைத்து எறிந்த அன்றே 15 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். பருவம் முடிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? அயோவா மாநிலத்தில் தன் சிற்றூர்ப் பள்ளிக்குத் திரும்பிப்போய் பன்னிரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தார். 1937இல் அவர் பள்ளி முடித்த விழாவை நாடு முழுக்க வானொலியில் ஒலிபரப்பினார்கள். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட இரண்டாம் நாள், தானாகப் போய்க் கடற்படையில் சேர்ந்தார். ஒரு போர்க்கப்பலில் பீரங்கிக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். ஏறக்குறைய நான்கு பருவங்கள் போயின. ஆனால் தோள் முழுதாகத் திரும்பி வந்தது. 1946இல் 26 வெற்றி, 348 ஸ்ட்ரைக் அவுட். மொத்தம் 266 வெற்றி. 92 வயது வரை வாழ்ந்து 2010இல் காலமானார்.

ஃபெல்லரும் போருக்குப் போனார், ஆபத்தைப் பார்த்தார். அதிர்ஷ்டமும் அவர் பக்கம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஃபெல்லர் சேர்ந்தது அவர் முடிவு. சவமுராவைக் கேட்டு யாரும் எதையும் செய்யவில்லை. பத்திரிகை நிறுவனத்துக்கு அணி வேண்டியிருந்தது, பள்ளியிலிருந்து வெளியே வந்தார். அணிக்கு வெற்றி வேண்டியிருந்தது, தோளைக் கொடுத்தார். ராணுவத்துக்கு எறிகுண்டு வீச ஆள் வேண்டியிருந்தது, மிச்சத் தோளையும் கொடுத்தார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாத 1944இல் அணி விடுவித்தது, ராணுவம் மூன்றாம் முறை கூப்பிட்டது.

இதைத்தான் "தியாகம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தியாகம் என்றால் தானாக மனமுவந்து கொடுப்பது. இங்கே நடந்தது எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவர்களுக்குத்தான் அதைத் தியாகம் என்று சொல்வது வசதி. கடன் வாங்கியவனே அதை நன்கொடை என்று சீட்டு எழுதிக்கொள்வது போல.

விருது வைத்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. விருது இல்லாவிட்டால் நானும் நீங்களும் அவர் பெயரைத் தெரிந்துகொண்டிருக்க மாட்டோம். ஆனால் ஒருவரை மதித்தோமா என்று பார்க்க வேண்டியது 1947ஐ அல்ல, 1944ஐ. ஜெயிக்க முடியாமல் போன அந்த 27 வயது மனிதருக்கு ஒரு பயிற்சியாளர் வேலையாவது கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. சவமுரா விருதுக்கான தகுதிகளில் ஒரு பருவத்தில் 10 ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை தானே எறிந்து முடிப்பதும், 200 இன்னிங்ஸ் எறிவதும் நீண்ட காலம் இருந்தன. இந்தக் காலத்தில் அணிகள் ஒவ்வொரு பந்தையும் எண்ணி, தோளைக் காப்பாற்றி எறிய விடுகின்றன. அதனால் அந்தத் தகுதிகளை எட்டுவதே அரிதாகிவிட்டது. 2019லும் 2024லும் விருதை யாருக்கும் கொடுக்கவில்லை. "இக்காலப் பிட்சர்களுக்கு உரம் போதாது" என்று வருத்தப்படுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. ஜப்பானியப் பள்ளிப் பேஸ்பாலில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பெரிய போட்டிகளில் ஒரு மாணவன் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் எறியக்கூடாது. சவமுராவுக்குச் செய்த உண்மையான மரியாதை அந்த விதிதான் என்பேன். 500 என்பதே அதிகம் என்று சொல்பவர்கள் பக்கம்தான் நான்.

சரி. மற்றவர்களை இவ்வளவு கேள்வி கேட்டுவிட்டேன். இப்போது என்னிடம் வருகிறேன்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்தாலும் சில வருடம் பள்ளிக் கிரிக்கெட் அணிக்குப் பொறுப்பாக இருந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அணியில் ஒரு வேகப்பந்து வீச்சாளன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், அவன் வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரிந்துவிடும். தயவுசெய்து பின்னூட்டத்தில் எழுத வேண்டாம். ஒரே வாரத்தில் நான்கு ஆட்டம். நான்கிலும் முதல் ஓவரும் அவன்தான், கடைசி ஓவரும் அவன்தான். ஆட்டம் இல்லாத நாளில் பயிற்சியிலும் அவனைத்தான் போடச் சொன்னேன். இறுதி ஆட்டத்தில் பாதியில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"சார், ரொம்ப வலிக்குது சார்."

"இன்னும் ரெண்டே ஓவர்தான்டா. முடிச்சிட்டு வந்து படுத்துக்கோ."

போய்ப் போட்டான். ஜெயித்தோம். கோப்பை தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரியில் ஏறியது. அதில் பள்ளியின் பெயர் இருக்கிறது, வருடம் இருக்கிறது. அவன் பெயர் இல்லை. அடுத்த வருடம் அவனால் பந்து வீச முடியவில்லை. வேறு பையனைப் போட்டுக்கொண்டோம். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு வார்த்தை பேசவில்லை. அவன் வீட்டுக்குப் போகவில்லை. வைத்தியம் பார்த்தார்களா என்று கேட்கவில்லை. மறந்தே போனேன் என்பதுதான் உண்மை.

பல வருடம் கழித்துப் பேருந்தில் பார்த்தேன். எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். இறங்கும்போது மேலே இருந்த என் பையை இடது கையால் எட்டி எடுத்துக் கொடுத்தான். வலது தோளுக்கு மேலே கை போகாதாம். சிரித்துக்கொண்டே சொன்னான். "நாம ஜெயிச்சோம்ல சார்" என்றும் சொன்னான். அன்று நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. நலமா, எத்தனை குழந்தைகள் என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று உனக்கு வலித்தது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் அனுப்பினேன். அது என் தவறு. என்னை மன்னித்துவிடு.

போரும் பள்ளிக் கிரிக்கெட்டும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றே இல்லை, உயிர் போவதும் தோள் போவதும் சமமில்லை. ஆனால் "நம்மிடம் ஒரு திறமையான பையன் இருக்கிறான், அவனைப் பயன்படுத்திக்கொள்வோம்" என்று நினைக்கும் மனம் ஒன்றுதான். அது அரசாங்கத்திடம் இருந்தால் எறிகுண்டு. என்னிடம் இருந்ததால் இரண்டு ஓவர்.

உங்களில் சிலர் உடற்கல்வி ஆசிரியர்கள். பலர் பிள்ளைகளைக் கிரிக்கெட், பாட்மின்டன், நீச்சல் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர்கள். படிப்பிலும் இதே கதைதான், முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையை விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பும் வீடுகளும் இருக்கின்றன. ஒரு வேண்டுகோள். பிள்ளை வலிக்கிறது என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள், கோப்பை போனால் போகட்டும். பிறகு அவன் தோற்க ஆரம்பித்தால், அல்லது ஆட்டத்தையே விட்டுவிட்டால், அன்றைக்கு அவன் வீட்டுக்குப் போங்கள். ஜெயிக்கும்போது எல்லோரும் வருவார்கள்.

ஜப்பானில் இருக்கும் தம்பிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த முறை குசானகி பக்கம் போனால், அந்தச் சிலையின் முன் எனக்காகவும் ஒரு நிமிடம் நில். வீரர் என்று கும்பிட வேண்டாம். நம் வகுப்பில் படித்த பையன் என்று நினைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார்